சைகாவும் மஞ்சள்மார்பு பண்டிங்கும்: ஓர் இரலை, ஒரு குருவி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது கிலோ இரலையையும் இருபது கிராம் குருவியையும் எதற்காக ஒப்பிட வேண்டும்?

இரண்டும் இடம் மாறிக்கொண்டன என்பதற்காக. சைகா என்பது கசகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா புல்வெளிகளில் மந்தை மந்தையாகத் திரியும் இரலை. 2002-ல் உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியல் அதை 'மிக அருகிய இனம்' என்று அறிவித்தது. காட்டில் அழிந்தே போனவற்றுக்கு ஒரு படிதான் கீழே. அந்தச் சமயத்தில் மஞ்சள்மார்பு பண்டிங் என்ற சின்னக் குருவி, கவலைப்பட ஒன்றுமில்லாத பறவைகளின் வரிசையில் நிம்மதியாக இருந்தது.

அடுத்த இருபது ஆண்டுகளில் பண்டிங் ஆபத்து ஏணியில் படிப்படியாக மேலே போனது: 2004, 2008, 2013 என ஒவ்வொரு மறுமதிப்பீட்டிலும் ஒரு படி. 2017-ல் அதுவும் 'மிக அருகிய இனம்'. சைகாவோ 2023-ல் 'அச்சுறுத்தலை நெருங்கிய' நிலைக்கு இறங்கிவிட்டது. ஒரே தாவலில் இரண்டு படிகளைத் தாண்டி.

ஒரு காலத்தில் இரண்டையும் எண்ணி மாளாது. இரண்டும் சரிந்ததில் பெரும்பங்கு மனிதனின் கைக்கு. அப்படியிருக்க ஒன்று மீண்டது, மற்றொன்று இன்னும் தத்தளிக்கிறது. கீழே உள்ள கேள்விகள் சுற்றிச்சுற்றி இந்த இடத்துக்கே வரும்.

சைகா பார்க்க எப்படி இருக்கும்?

உடம்பு வெள்ளாட்டின் அளவு. ஆணுக்கு மட்டும் கொம்பு உண்டு. தேன்மெழுகு நிறத்தில், வளையம் வளையமாக வரி ஓடி, வெளிச்சத்தில் பிடித்தால் அரைகுறையாக ஒளி ஊடுருவும். ஆனால் சைகாவை ஒருமுறை படத்தில் பார்த்தவர்கள் கொம்பை மறந்துவிடுவார்கள். மனதில் நிற்பது மூக்குதான். குட்டைத் தும்பிக்கைபோல வீங்கி, வாய்க்கு மேலே தொங்கி, இரண்டு துளைகளும் கீழ்நோக்கித் திறந்திருக்கும்.

கோடையில் ஆயிரக்கணக்கான குளம்புகள் கிளப்பும் புழுதியை அந்த மூக்கு வடிகட்டுகிறது. பனிக்காலத்தில் உறைய வைக்கும் காற்றைச் சூடாக்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. டிசம்பரில் இணைசேரும் பருவம் வந்தால் ஆணின் மூக்கு இன்னும் பெருக்கும். மூக்காலேயே உறுமி மற்ற ஆண்களை மிரட்டும். அந்தச் சில வாரங்கள் ஆண்கள் சரியாக மேய்வதுகூட இல்லை. சண்டையிலும் அலைச்சலிலும் இளைத்து, பனி முடிவதற்குள் நிறைய ஆண்கள் செத்துப்போவது சைகாவில் வழக்கமான கணக்கு.

பண்டிங்?

விதை கொத்தும் தடித்த அலகு, சிட்டுக்குருவி அளவு உடல், சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். இனப்பெருக்கக் காலத்து ஆணைப் பார்த்தால் மட்டும் குருவி என்று தள்ளிவிட முடியாது. முகம் கறுப்பு, உச்சந்தலையும் முதுகும் செம்பழுப்பு, மார்பும் வயிறும் பளிச்சென்ற மஞ்சள், மார்பின் குறுக்கே மெல்லிய செம்பழுப்புப் பட்டை, தோளில் வெள்ளைத் திட்டு. புதர் நுனியில் உட்கார்ந்து, படிப்படியாக ஏறும் குழலோசை போலப் பாடும்.

சைபீரியா முதல் ரஷ்யத் தூரக்கிழக்கு வரையிலான ஈரப் புல்வெளிகளிலும் சதுப்பு ஓரங்களிலும் தரையிலோ தாழ்வான புதரிலோ கூடு கட்டும். பெரும்பாலும் நான்கைந்து முட்டை. வடக்கே தங்குவது கோடையின் சில வாரங்கள்தான். பிறகு சீனா வழியாகத் தெற்கே இறங்கி, நேபாளம், வடகிழக்கு இந்தியா, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று வயல்களிலும் நாணல் காடுகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கும்.

சைகா வேகமாகப் பெருகும் என்கிறார்களே, குருவி அதைவிட வேகமாகப் பெருகாதா?

காகிதக் கணக்கில் குருவிதான் முன்னே. சைகாவில் வளர்ந்த பெட்டை பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். பிறந்த முதல் ஆண்டிலேயே சினைப்படும் பெட்டைகளும் நிறைய. குளம்புள்ள விலங்குகளில் இது அசாத்திய வேகம். நான்கைந்து முட்டையிடும் பண்டிங் அதையும் மிஞ்சவேண்டும். ஆனால் சிறு பறவையின் ஆயுள் சில ஆண்டுகள்தான். குஞ்சுகளில் பெரும்பகுதி முதல் ஆண்டைத் தாண்டாது. அந்த இயற்கைச் சாவுக்கு மேல், ஒவ்வோர் ஆண்டும் வலசைப் பாதை முழுக்க வலை விரித்தால் எத்தனை முட்டை இட்டும் ஈடாகாது.

சைகா எப்படி அழிவின் விளிம்புக்குப் போனது?

ஒருமுறை அல்ல, இருமுறை போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆயிரம்தான் மிச்சம். சோவியத் அரசு வேட்டையைத் தடை செய்தது. 1950-களில் அது மறுபடியும் பத்து லட்சத்தைத் தாண்டியது. பிறகு அரசே அளவு பார்த்து வேட்டைக்கு அனுமதித்தது. இறைச்சியும் தோலும் கொம்பும் அரசின் கணக்கில் போயின.

1991-ல் சோவியத் உடைந்தது. கூட்டுப் பண்ணைகள் மூடப்பட்டன, புல்வெளிக் கிராமங்களில் கூலி நின்றது, சீன எல்லை திறந்தது. கையில் துப்பாக்கியும் மோட்டார் சைக்கிளும் இருந்தவனுக்கு, எதிரே கொம்போடு ஓடும் சைகாதான் காசு. கொம்பு சீன மருத்துவத்தில் காய்ச்சலுக்கும் வலிப்புக்கும் தருவது. இதில் ஒரு வேதனையான வேடிக்கையும் உண்டு. காண்டாமிருகத்தைக் காப்பாற்றும் ஆர்வத்தில், அதன் கொம்புக்குப் பதிலாகச் சைகா கொம்பைப் பயன்படுத்தலாம் என்று பாதுகாப்பு வட்டாரங்களிலேயே அன்று சிலர் யோசனை சொன்னார்கள். அப்போது சைகாவுக்குப் பஞ்சமில்லை என்பதுதான் காரணம்.

பத்தே ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காணாமல் போயிற்று. 2003-ல் கசகஸ்தானில் எஞ்சியவை சுமார் 21,000. கொம்புக்காக ஆண்களையே குறிவைத்ததால் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ரஷ்யாவின் கல்மிக்கியாவில் வளர்ந்த ஆண்கள் மந்தையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போனபோது, வயதான பெட்டைகள் இருக்கிற ஒன்றிரண்டு ஆண்களைச் சூழ்ந்துகொண்டு இளம் பெட்டைகளை விரட்டியடித்தன. சினைப்படுவதே குலைந்தது. ஆய்வாளர்கள் இதை 2003-ல் வெளியிட்டார்கள். சுட்டது ஆணை, அற்றுப்போனது அடுத்த தலைமுறை.

2015-ல் இரண்டு லட்சம் சைகா செத்ததாகச் சொல்கிறார்களே, அதுவும் வேட்டையா?

இல்லை, நோய். நம் ஊர் மாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய்: தொண்டை அடைப்பான்.

2015 மே மாதம், கசகஸ்தானின் பெத்பக்தலா புல்வெளியில் பெட்டைகள் குட்டி போடக் கூடியிருந்தன. சைகா பெரும் கூட்டமாக ஓரிடத்தில் கூடி, ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஈன்று முடிக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்று சோர்ந்து படுத்தது, சில மணி நேரத்தில் செத்தது. பக்கத்தில் அடுத்தது. தாய் செத்த பிறகும் மடியில் முட்டிக்கொண்டிருந்த குட்டிகளும் பின்னாலேயே போயின. நோய் புகுந்த மந்தைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல், அதாவது அன்றைக்கு உலகில் இருந்த சைகாக்களில் பாதிக்கும் அதிகம்.

காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா. அது வெளியிலிருந்து வந்ததல்ல. நலமாக இருக்கும் சைகாவின் தொண்டையிலேயே சாதுவாகக் குடியிருப்பது. அந்த ஆண்டு ஈனும் நாட்களுக்கு முன் வழக்கத்துக்கு மாறான ஈரப்பதமும் வெதுவெதுப்பும் சேர்ந்தன, சாது மூர்க்கமாயிற்று. 1981, 1988-ல் நடந்த கூட்டச் சாவுகளிலும் இதே மாதிரியான வானிலைதான் இருந்தது என்று பின்னர் ஒப்பிட்டுக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் மழைக்காலத்துக்கு முன்பே தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி போடச் சொல்வதன் பின்னணியும் இந்த ஈரம்தான். காட்டு விலங்குக்கு யார் ஊசி போடுவது?

மங்கோலியச் சைகாவுக்கு வேறொரு அடி. 2016 இறுதியில் ஆட்டுக்கொல்லி நோய் அங்கே பரவியது. மேய்ச்சல் நிலத்தைப் பகிரும் வீட்டு ஆடுகளிடமிருந்து வந்தது. ஏற்கெனவே சின்னக் கூட்டம். அதில் பாதிக்கும் மேல் போயிற்று.

பண்டிங்குக்கு என்ன நோய் வந்தது?

எதுவும் வரவில்லை. அதைச் சாப்பிட்டார்கள்.

தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இந்தக் குருவிக்கு 'நெற்பூக் குருவி' என்று பொருள்படும் பெயர். இலையுதிர் காலத்தில் நெல் முற்றும்போது கொழுத்து வந்து இறங்கும். உடம்புக்கு வலுவூட்டும், ஆண்மைக்கு நல்லது என்று நம்பிக்கை. 1990-களில் சான்ஷுய் நகரில் இதற்கென்று உணவுத் திருவிழாவே நடந்தது. 1997-ல் சீன அரசு வேட்டையைத் தடை செய்தது. அப்புறமும் கள்ளச்சந்தை ஓடியது. 2001-ல் குவாங்டாங்கில் மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் குருவிகள் உணவானதாக ஒரு மதிப்பீடு இருக்கிறது.

பிடிப்பது எளிது என்பதுதான் இதன் தலைவிதி. பகலில் வயலில் பரவி மேய்ந்துவிட்டு, இருட்டும் நேரம் எல்லாம் ஒரே நாணல் காட்டில் வந்து அடையும். நாணலுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைக் கட்டினால் போதும்.

1980-க்கும் 2013-க்கும் இடையில் எண்ணிக்கை 84 முதல் 95 சதவீதம் வரை சரிந்ததாக 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. மேற்கே பின்லாந்து வரை கூடு கட்டிய பறவை அங்கிருந்து மறைந்துவிட்டது. ஐரோப்பியப் பக்கம் ஏறக்குறைய காலி. பின்லாந்தில் அதை யாரும் சாப்பிடவில்லை. ஆனால் பின்லாந்துக் குருவியும் சீனா வழியாகத்தான் போய் வந்தாக வேண்டும். வட அமெரிக்காவில் வானத்தை மறைத்துப் பறந்து, 1914-ல் கூண்டில் கடைசி ஒன்றோடு முடிந்த பயணிப் புறாவை ஆய்வாளர்கள் ஒப்பிட்டதில் மிகையில்லை.

எல்லாப் பழியையும் சீனர்கள் மேல் போடுகிறீர்களோ?

போட முடியாது. பிரான்சில் ஆர்டோலன் என்று இதே பண்டிங் இனத்துக் குருவி ஒன்று உண்டு. அதைப் பிடித்து, கொழுக்க வைத்து, பிராந்தியில் மூழ்கடித்து, முழுதாகச் சுட்டுத் தின்பது அங்கே பெரிய மனிதர்களின் விருந்தாக இருந்தது. 1999-ல் தடை வந்த பிறகும் பல ஆண்டுகள் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. நம் டெல்டா பக்கத்தில் கொக்கும் மடையானும் வலையில் விழுந்து சாலையோரத்தில் விலைபோவதும் நாம் அறியாததல்ல. வேறுபாடு அளவில்தான்: சீனாவில் வருமானம் ஏற ஏற, பழைய வட்டாரப் பழக்கம் பெருநகரத்து அந்தஸ்துப் பண்டமாகிவிட்டது.

சீனா பின்னாளில் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் நிலத்தில் வாழும் காட்டு விலங்குகளை உண்பதற்கே தடை வந்தது. 2021-ல் பண்டிங் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. பாண்டா இருக்கும் அதே பட்டியல்.

சிங்கப்பூர் மருந்துக்கடைகளில் விற்கும் 'குளிர்ச்சி நீர்' சைகா கொம்பில் செய்ததா?

ஆம், அதில் ஒரு வகை. சீன மருந்துக்கடைகளில் கொம்புச் சீவலாகவும், ஊறவைத்த தண்ணீர் புட்டியாகவும் கிடைக்கும். காய்ச்சலுக்கும் உடல் சூட்டுக்கும் என்று வாங்குகிறார்கள். பழைய இருப்பிலிருந்து முறையாகப் பதிவு செய்து விற்பது அங்கே சட்டப்படி சரி. காட்டிலிருந்து எடுத்த கொம்பின் வணிக ஏற்றுமதியை 2019-ல், அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்த நாடுகள் பூஜ்யமாக்கின. கொம்பின் மேலுறை, நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். உடல் சூட்டுக்கு இளநீரும் மோரும் வைத்திருக்கும் நமக்கு அந்தத் தேவை புரியாமல் போகாது. அதற்கு இரலை எதற்கு என்பதுதான் புரியாது.

சரி, சைகா மீண்டது எப்படி? அதே வழியில் பண்டிங்கை மீட்க முடியாதா?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் இதுதான் கனமானது.

சைகாவின் பெரும்பகுதி ஒரே நாட்டுக்குள் இருக்கிறது. கசகஸ்தான் அரசு மனது வைத்தால் போதும். 2005-06 வாக்கில் அல்டின் தலா என்ற திட்டம் தொடங்கியது: கசக அரசு, உள்நாட்டு உயிரினப் பாதுகாப்புச் சங்கம், பிராங்க்பர்ட் விலங்கியல் சங்கம், பிரிட்டனின் பறவைப் பாதுகாப்பு அரச சங்கம் எல்லாம் சேர்ந்து. வேட்டையை முழுதாகத் தடுத்தார்கள். ரோந்துக்கு வண்டியும் ஆளும் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான ஹெக்டேரைப் பாதுகாப்பு நிலமாக்கினார்கள். கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை கட்டி எங்கே போகிறது, எங்கே ஈனுகிறது என்று பார்த்தார்கள். இது சும்மா நடக்கவில்லை. 2019-ல் இரண்டு வனக்காவலர்கள் வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்டார்கள், அதன் பிறகுதான் தண்டனைகள் கடுமையாயின.

முக்கியமாக, சைகாவை எண்ண முடியும். வெட்டவெளியில் மந்தையாக நிற்பதை வசந்த காலத்தில் விமானத்திலிருந்து எண்ணிவிடலாம். கூடுகிறதா, குறைகிறதா என்று அடுத்த ஆண்டே தெரியும். 2015 சாவுக்குப் பிறகும் 2022-ல் 13 லட்சம், 2023-ல் 19 லட்சம் என்று ஏறியதைக் கையில் எண்ணோடு சொல்ல முடிந்தது அதனால்தான்.

பண்டிங்குக்கு இவற்றில் ஒன்றுமில்லை. கூடு கட்டுவது ஒரு நாட்டில், சிறகு உதிர்த்து முளைப்பது இன்னொன்றில், குளிர்காலம் ஏழெட்டு நாடுகளில். விடியற்காலையில் புதர்க்காட்டில் நடந்து, பாடும் ஆண்களைக் காதால் எண்ண வேண்டும். மொத்த எண்ணிக்கை ஒருநாளும் கைக்கு வராது. நாற்பது கிலோ உடலைப் புல்வெளியில் ஒளித்துக் கடத்துவது சிரமம். இருபது கிராமை இறகு பிடுங்கி மூட்டையில் போட்டுவிட்டால் எந்தக் குருவி என்று சோதனைச் சாவடியில் யார் சொல்வது? சைகா சரிந்தபோது அது உடனே செய்தியானது. பண்டிங் சரியத் தொடங்கிய முதல் இருபதாண்டும் அது 'சாதாரணப் பறவை'யாகவே பதிவில் இருந்தது. என் பார்வையில் இந்தத் தாமதம்தான் வலையைவிடப் பெரிய கேடு.

முயற்சி இல்லாமலில்லை. ஹாங்காங்கின் லாங் வேலியில் பறவை ஆர்வலர்களும் விவசாயிகளும் சேர்ந்து, இந்தக் குருவிக்கென்றே நெல் விதைத்து, கதிரை அறுக்காமல் வயலிலேயே விடுகிறார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கூட்டம் இறங்குகிறது. வலையை நிறுத்துவது ஒரு பாதி. இறங்கித் தின்ன வயல் இருப்பது மறுபாதி.

சைகா அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது, சுடுகிறார்கள் என்கிறார்களே?

உண்மை. 2025-ல் கசகஸ்தானில் எண்ணிக்கை 40 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. மேற்குக் கசகஸ்தான் விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புலம்புகிறார்கள்: வைக்கோலுக்கு விட்ட புல்லை மேய்கிறது, பயிரை மிதிக்கிறது, குட்டைத் தண்ணீரைக் கலக்கிவிட்டுப் போகிறது. 2023-ல் அரசு பிடித்துக் குறைக்கத் தொடங்கி, எதிர்ப்பால் நிறுத்தி, 2025-ல் மீண்டும் தொடங்கியது.

விவசாயியின் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். காட்டுப்பன்றியால் வாழையும் மரவள்ளியும் இழந்தவர்களுக்கு அது விளங்கும். ஆனால் 2015-ஐப் பார்த்த பிறகு 40 லட்சம் என்ற எண்ணை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது. மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடிய விலங்கு இது.

பறவைச் சங்கம் ஏன் இரலையைக் காப்பாற்றப் போனது?

புல்வெளி ஒன்றுதான் என்பதால். மேய்ச்சல் இல்லாவிட்டால் புல் உயர்ந்து காய்ந்து பெருந்தீயாகிறது. தரையில் கூடு கட்டும் பறவைகளுக்குக் குட்டைப் புல் வேண்டும். கசகஸ்தானில் கருப்பு வானம்பாடி என்ற பறவை கூட்டைச் சுற்றிக் கால்நடைச் சாணத் துண்டுகளைப் பொறுக்கி வந்து தளம்போல அடுக்கும். மேய்கிற வாய் இல்லாத நிலத்தில் அதற்குச் சாணத்துக்கே வழியில்லை. பண்டிங் மட்டும் இந்தக் கணக்கில் சற்று விலகி நிற்கிறது: அதற்கு வேண்டியது வறண்ட புல்வெளி அல்ல, ஈரச் சதுப்போரம்.

நம் வெளிமானும் இரலைதானே, அது எந்த நிலையில்?

இரலைதான், கொம்பு உதிராது. கிண்டி, வல்லநாடு, கோடியக்கரை ஆகிய இடங்களில் பார்க்கலாம். உலக அளவில் கவலை குறைந்த நிலை, இந்தியச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பாதுகாப்பு. கோடியக்கரையில் அதற்குத் தொல்லை துப்பாக்கியைவிடச் சீமைக் கருவேலம்தான்.

மஞ்சள்மார்பு பண்டிங்கை இந்தியாவில் பார்க்க முடியுமா?

தமிழ்நாட்டில் எதிர்பார்க்க வேண்டாம். அது அதன் வலசை எல்லைக்கு வெளியே. குளிர்காலத்தில் அசாம், மணிப்பூர் பக்கம் போகிறவர்கள் ஆற்றோர உயர்புல், நாணல், அறுத்த நெல்வயல் ஆகியவற்றைப் பார்க்கலாம். அப்போது ஆணிடம்கூடக் கோடைக்கால மினுக்கு இருக்காது. முதல் பார்வைக்குப் பெண் சிட்டுக்குருவி என்றே தோன்றும். கண்ணுக்கு மேலே அகலமான வெளிர் புருவக்கோடு, கன்னத்தைச் சுற்றி இருண்ட ஓரம், அடிவயிறு வரை கழுவிவிட்டது போன்ற மஞ்சள் ஆகியவற்றைத் தேடுங்கள். மாலையில் நாணலுக்கு வந்து அடையும் நேரம்தான் வசதி. பார்த்தால் எண்ணிக்கையோடு, பறவைப் பதிவு இணையதளமான ஈபேர்டில் பதியுங்கள். அடையும் இடத்தின் துல்லியமான புள்ளியைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம். வலைக்காரர்களும் அதைப் படிப்பார்கள்.